யார் என்கிற கட்டம்

சாந்தோம் நெடுஞ்சாலையில், பேராலயத்தைத் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி நண்பன் தன் டேப்லெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினான். காலை ஏழரை மணி. திரையில் நான்கு அடுக்குகள். மேலே பிசினஸ், அதற்குக் கீழே டேட்டா, அப்ளிகேஷன், அடியில் டெக்னாலஜி. நடுவில் நீலத்திலும் ஆரஞ்சிலும் அம்புக்குறிகள். தமிழ்நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்காக அவனுடைய டீம் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த ஆர்கிடெக்சர்.

"எப்படிடா இருக்கு?"

"அழகா இருக்கு. கடை எங்க?"

கோபித்துக்கொண்டான். கடைதான் இது, மொத்தக் கடையும் இதுதான் என்றான். விரலை வைத்து ஒரு சின்னச் செவ்வகத்தைக் காட்டினான். அதில் 'ஸ்டோர் ஆபரேஷன்ஸ்' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து ஒரு அம்பு கிளம்பி 'பிஓஎஸ்' என்ற இன்னொரு செவ்வகத்துக்குப் போனது. பில் போடும் பெண் அந்த அம்புக்குள் எங்கேயோ இருக்கிறாள் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு அவனிடம் சரியாகப் பேச முடியவில்லை. டீ ஆறிவிட்டது, அவனுக்கு மீட்டிங் இருந்தது. விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன். நான் எட்டு வருஷம் ஐடியில் இதே வேலைக்குப் பக்கத்து வேலையைப் பார்த்தவன். வெளியிலிருந்து கல்லெறிகிறவன் இல்லை. எறிகிற கல்லில் பாதி என் மேலேயேதான் விழும்.

முதலில் என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் என்றால் என்ன என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருநூறு கிளை உள்ள ஒரு கடைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பில்லிங் மென்பொருளை ஒரு காலத்தில் ஒருவரிடம் வாங்கியிருப்பார்கள். குடோனுக்கு வேறொன்று, கணக்குப் பிரிவுக்கு இன்னொன்று. அப்புறம் மொபைல் ஆப், அப்புறம் பாயின்ட்ஸ் கார்டு. அஞ்சு கிலோ பொன்னி அரிசிப் பை ஒன்றில் ஒரு பெயரோடும், இன்னொன்றில் ஒரு எண்ணோடும், மூன்றாவதில் எழுத்துப்பிழையோடும் இருக்கும். மூன்றும் ஒரே பைதான் என்று யாருக்கும் தெரியாது. ஆப்பில் 'ஸ்டாக் உண்டு' என்று காட்டும், கடைக்குப் போனால் இருக்காது. 'புதுசா எதையும் வாங்காதே, முதல்ல இருக்கிறதை எல்லாம் ஒரே படத்துல வரை. எது எதோடு பேசுது, யாருக்காகப் பேசுதுன்னு பார்' என்பதுதான் இந்த முறையின் சாரம். நகர அமைப்பாளர் ஊரைப் பார்ப்பதுபோல நிறுவனத்தைப் பார்ப்பது. இதில் தப்பே இல்லை. இதைச் செய்யாமல் வளர்ந்த கடைகளின் குடோன்களை நான் பார்த்திருக்கிறேன். தேதி முடிந்த பிஸ்கட் ஒரு பக்கம் மலையாக இருக்க, அதே பிஸ்கட்டுக்கு மறுபக்கம் ஆர்டர் போய்க்கொண்டிருக்கும்.

இலக்கிய நண்பர்கள் இந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும். 'கார்ப்பரேட் ஜார்கன், நமக்கெதுக்கு?' அவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நம் எழுத்தில் சூப்பர்மார்க்கெட் வந்தால் அது எப்போதும் வில்லன். அதற்கு எதிரே ஒரு அண்ணாச்சி கடை, அங்கே கடன் நோட்டு, குழந்தைக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. கண்கள் கலங்கும். அந்த அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடித்த பையன் எந்த ஊரிலிருந்து எத்தனை வயதில் வந்தான், ராத்திரி எங்கே படுத்தான் என்று நாம் கேட்பதில்லை. மூட்டைகளுக்கு நடுவே, ஷட்டரை இழுத்துவிட்ட கடைக்குள்ளேயே படுத்தான். அவனைப் பார்க்காமல் எழுதுகிற நினைவேக்கமும், அவளைப் பார்க்காமல் வரைகிற ஆர்கிடெக்சரும் எனக்கு ஒன்றுதான். இரண்டுமே கடையை வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்திலிருந்தோ முதலாளி நிற்கும் பக்கத்திலிருந்தோ மட்டும் பார்க்கின்றன.

சரி, முறைக்கு வருகிறேன்.

இந்தத் துறையின் ஆதி ஆவணம் என்று எல்லோரும் சுட்டுவது 1987-இல் ஜான் ஸாக்மன் என்ற ஐபிஎம்காரர் அந்த நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. ஒரு பெரிய அமைப்பை முழுசாக விவரிக்க ஒரு அட்டவணை போட்டார். இன்று பயிற்சி வகுப்புகளில் அதன் தலைப்பில் ஆறு கேள்விகள் இருக்கும்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஆறு சொற்கள். எனக்கு இந்த அட்டவணை பிடிக்கும், கேலியாகச் சொல்லவில்லை. எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் அமைப்பைப் புரிந்துகொண்டாய் என்று ஒரு மனிதர் சொல்வது நல்ல விஷயம்.

ஆனால் 1987 கட்டுரையில் இருந்தவை மூன்று பத்திகள்தான். என்ன, எப்படி, எங்கே. தரவு, செயல், வலைப்பின்னல். யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் 1992-இல், ஜான் சோவாவோடு சேர்ந்து எழுதிய அடுத்த கட்டுரையில்தான் வந்து சேர்ந்தன. ஐந்து வருஷம் தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி 'யார்' வந்து உட்கார்ந்தது. வந்தவருக்கு இலை போட்டார்களா என்றால், பெயருக்குப் போட்டார்கள்.

நான் பார்த்த எந்த ரீடெய்ல் ஆர்கிடெக்சரிலும் 'என்ன' நிரம்பி வழியும். ஒவ்வொரு பொருளுக்கும் எண், எடை, நீளம், அகலம், வரி விகிதம், எந்தத் தட்டில் எத்தனை முகம் தெரியும்படி அடுக்க வேண்டும் என்பது வரை. 'எங்கே'யும் அப்படித்தான், கிளை, குடோன், ட்ரக் வழித்தடம். 'எப்போது'க்குத் தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி. 'யார்' என்ற கட்டத்தில் மட்டும் மூன்று சொல் இருக்கும்: கேஷியர், ஸ்டோர் மேனேஜர், கஸ்டமர். இதெல்லாம் பதவிப் பெயர்கள். யார் என்று கேட்டால் 'கேஷியர்' என்பது பதிலா? நாவலில் ஒரு பாத்திரத்தை இப்படி எழுதினால் நாம் விடுவோமா?

'உணர்ச்சிவசப்படறே, இது மனிதாபிமானப் பிரச்சினை, ஆர்கிடெக்சர் பிரச்சினை இல்ல' என்பான் நண்பன். அவனுக்காகவே ஒரு கதை.

சில வருஷம் முன்பு, பெயர் வேண்டாம், ஒரு கடைத்தொடரின் கிளையில் இரண்டு நாள் நின்றேன். அங்கே கணினியில் சில பொருட்களின் கையிருப்பு மைனஸில் இருந்தது. மைனஸ் பதினாலு தயிர் கப். பக்கத்துத் தட்டில் வேறொரு தயிர், கணினிப்படி முப்பது இருக்க வேண்டும், இருந்தது பத்துகூட இல்லை. தானாக ஆர்டர் போடும் மென்பொருள் இந்த எண்களை நம்பித்தான் ஆர்டர் போடுகிறது. விளைவு, போகாத சரக்கு வந்துகொண்டே இருந்தது, போகிற சரக்கு வரவே இல்லை. தலைமையகத்தில் எங்கள் ஆட்கள் மூன்று வாரமாக இன்டர்ஃபேஸில் கோளாறு தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் பில் கவுன்ட்டர் பக்கத்தில் நின்றேன். ஒரு அம்மா ஐந்து விதமான தயிர் கப்புகளை வைத்தார். ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், சாதா என்று கலந்து. எல்லாம் ஒரே விலை. பில் போட்ட அக்கா ஒரே ஒரு கப்பை எடுத்து ஸ்கேன் பண்ணி, கீபோர்டில் 5 என்று தட்டினார். மற்ற நான்கும் பைக்குள் போயின.

"ஏன்க்கா ஒண்ணையே அஞ்சுன்னு போடறீங்க?"

"ஒவ்வொண்ணா காட்டினா நேரமாகும் சார். லைன் நீண்டா சூப்பர்வைசர் வந்து பின்னாடி நிப்பாரு. நிமிஷத்துக்கு எத்தனை போட்டோம்னு எண்றாங்க. காசு சரியாத்தானே இருக்கு?"

காசு சரியாகத்தான் இருந்தது. சரக்குக் கணக்குதான் பாழ். கடைக்காரர்களின் உலகில் இது புதுசு இல்லை. விரைவுக்கு அளவுகோல் வைத்த எல்லா ஊர்களிலும் நடக்கிறது. ஆனால் எங்கள் படத்தில் அந்த அளவுகோல் இல்லை, அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் சூப்பர்வைசர் இல்லை. டேட்டா அடுக்கின் மொத்த உண்மையும் அவளுடைய மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த மணிக்கட்டு எந்தச் செவ்வகத்திலும் இல்லை. நான் திரும்பிப் போய் இதைச் சொன்னேன். என்ன செய்தார்கள் தெரியுமா? 'ஒரே பொருளை ஐந்து முறைக்கு மேல் பெருக்கிய கேஷியர்கள்' என்று தினசரி ரிப்போர்ட் ஒன்று உருவாக்கினார்கள். வேக அளவுகோலை எடுக்கவில்லை. அவள் தலைமேல் இரண்டாவது கத்தியைத் தொங்கவிட்டார்கள். ரிப்போர்ட்டுக்கான ஸ்பெக் எழுதியது நான்தான்.

அதனால்தான் சொல்கிறேன், இது மனிதாபிமானப் பேச்சு மட்டும் இல்லை. 'யார்' கட்டம் காலியாக இருந்தால் 'என்ன' கட்டம் பொய்யாகிவிடும். அட்டவணையின் தர்க்கமே அது.

என் ஒரு கிளைக் கதை போதாது என்றால் கனடாவுக்குப் போங்கள். அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர் 2013-இல் கனடாவில் இறங்கியது. 133 கடைகள். புத்தம் புது மென்பொருள், பணம் பிரச்சினையே இல்லை. 2015 ஜனவரியில் மொத்தத்தையும் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், 17,600 பேருக்கு வேலை போனது. குடோன்கள் பிதுங்கின, கடைத் தட்டுகள் காலியாக இருந்தன. காரணங்கள் பல. அதில் ஒன்று, பொருட்களின் தகவல்களை அவசர அவசரமாக உள்ளே ஏற்றியது. ஏற்றியவர்களில் பலர் அனுபவமில்லாத இளைஞர்கள். கெடு தலைக்கு மேல். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். பெட்டி தட்டுக்குள் நுழையாது என்று கணினி சொன்னது, அல்லது நுழையும் என்று பொய் சொன்னது. இன்னும் கொடுமை, தன் பொறுப்பில் உள்ள பொருள் 'கடையில் இல்லை' என்று காட்டினால் திட்டு விழும் என்பதால் சிலர் அந்தப் பொருளுக்கான தானியங்கி நிரப்பலையே அணைத்துவைத்தார்கள். அணைத்துவிட்டால் அது இல்லாத கணக்கிலேயே வராது. நம் தயிர்க் கப் அக்காவும் மினியாபொலிஸ் நிறுவனத்தின் ஊழியரும் செய்தது ஒரே காரியம்: அளக்கிற கண்ணுக்கு முன்னால் பிழைத்துக்கொள்வது.

இங்கே இந்த முறையின் பக்தர்கள் துள்ளி எழுவார்கள். 'பார்த்தீங்களா, ஒழுங்கான ஆர்கிடெக்சர் இல்லேன்னா இப்படித்தான், சுபிக்ஷாவைப் பாருங்க!' சென்னையில் எந்த பவர்பாயிண்டிலும் சுபிக்ஷா வந்துவிடும். 1997-இல் இந்த நகரத்தில் தொடங்கி, சுமார் 1,600 கடைகள் வரை நாடெங்கும் பரவி, 2009-இல் இழுத்து மூடிய கடைத்தொடர். தெருமுனைச் சின்னக் கடை, எம்ஆர்பிக்குக் கீழே விலை, ஏசி கிடையாது, ஆடம்பரம் கிடையாது. என் அம்மா மாதாந்திர மருந்து மாத்திரையை அங்கேதான் வாங்கினாள். அதன் வீழ்ச்சியைப் படம் வரையாததற்குத் தண்டனையாகக் காட்டுவது மோசடி. சில வருஷங்களில் கடைகளைப் பல மடங்கு ஆக்கினார்கள், அதுவும் கடனில். கையில் ரொக்கம் தீர்ந்தது. சம்பளம் நின்றது, சப்ளையர்களுக்குப் பாக்கி நின்றது. எத்தனை அடுக்குப் படமும் காலிப் பெட்டியில் காசு போடாது. அங்கே விடை தெரியாமல் போனது 'ஏன்' என்ற கட்டத்துக்கு. ஏன் இவ்வளவு வேகம்? அதைக் கேட்கும் அதிகாரம் ஆர்கிடெக்ட்டுக்குக் கொடுக்கப்படுவதில்லை, அவரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்காததற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

தி.நகர் கடைகளில் துணி எடுக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோது நாம் எல்லோரும் ரங்கநாதன் தெருவைப் பற்றி ஒரு மாதம் பேசினோம், பிறகு தீபாவளிக்குத் துணி எடுக்க அங்கேயே போனோம். விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். கால் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும். உட்கார இடம் மறந்துபோனதால் இல்லாமல் போகவில்லை. உட்காரக் கூடாது என்பதால் போடவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் பெண்கூட்டு என்ற அமைப்பாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் போராடி, 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார அது உதவ வேண்டும்.

1947-க்கும் 2021-க்கும் இடையே எழுபத்து நான்கு வருஷம். இதற்குள் பார்கோடு வந்தது, கேமரா வந்தது, ஆளில்லாமல் பணம் கட்டும் கவுன்ட்டர் வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஆர்கிடெக்சர் படத்தில் ஒரு பெட்டி உண்டு. எங்கள் கம்பெனியில் ஒரு கடைத்தொடருக்குச் சொத்துப் பட்டியல் தயாரித்தபோது பிரின்டர், பேட்டரி, டியூப்லைட், ஏசி ரிமோட் வரை எண் கொடுத்தோம். நாற்காலி மேனேஜர் அறையில் ஒன்று இருந்தது, அதற்கும் எண் கொடுத்தோம். தளத்தில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று பட்டியல் போட்ட நாங்கள் ஆறு பேரும் கேட்கவில்லை. இருப்பதைத்தானே பட்டியல் போட முடியும்? இல்லாததற்கு எங்கள் எக்செல்லில் பத்தி இல்லை.

மெல்வின் கான்வே 1968-இல் சொன்ன ஒரு கருத்து இந்தத் துறையில் வேதவாக்கு: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த வடிவத்தில்தான் அது உருவாக்கும் மென்பொருளும் அமையும். இதை எல்லா ஆர்கிடெக்ட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் மறுபாதியை யோசிப்பதில்லை. யாரோடு யாருமே பேசவில்லையோ, அவர்கள் மென்பொருளில் எந்த வடிவத்திலும் இருக்க மாட்டார்கள்.

'அரசாங்கம் மட்டும் என்ன வாழுது?' என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் மிகப்பெரிய கடைத்தொடர் அரசாங்கத்துடையதுதான்: ஏறத்தாழ 35 ஆயிரம் ரேஷன் கடைகள். 2017-இல் ஸ்மார்ட் கார்டு, 2020-இல் கைரேகை. படத்தில் பார்த்தால் கச்சிதம். கடையில் பார்த்தால், வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த பாட்டியின் ரேகையை மெஷின் ஏற்கவில்லை. 'யார்' என்ற கேள்விக்கு மெஷின் 'யாருமில்லை' என்றது. அதே பழைய கதை. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. பாட்டி கத்தினாள். வரிசை முழுக்கக் கத்தியது. முடியாதவர்கள் வேறொருவரை அனுப்பலாம் என்ற வழி இருக்கிறது, கருவிழி ஸ்கேனர் வந்தது, 2025 ஆகஸ்டில் எழுபது வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. கட்டத்தைத் திறந்து மறுபடி எழுத வேண்டிய நெருக்கடி அங்கே உண்டு, ஏனென்றால் பாட்டிக்கு ஓட்டு இருக்கிறது. தனியார் கடையின் கேஷியருக்கு அந்த நிறுவனத்தில் ஓட்டில்லை, பெரும்பாலான இடங்களில் சங்கமும் இல்லை. அவளுக்கு இருப்பது வேலையை விட்டுப் போகும் உரிமை ஒன்றுதான். அதைத்தான் தலைமையகம் 'அட்ரிஷன்' என்று ஒரு சதவீதமாகப் பார்க்கிறது.

நண்பனைப் போன வாரம் மறுபடி சாந்தோமிலேயே சந்தித்தேன். இம்முறை அம்மா உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். வேண்டுமென்றேதான். 2013 பிப்ரவரி 19 அன்று முதல் உணவகம் இங்கேதான் திறக்கப்பட்டது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பிறகு நகரத்தின் 200 வார்டுகளுக்கும் பரவியது. இதுவும் கடைத்தொடர்தான்டா என்றேன். வரைந்து காட்டு. முதலில் 'ஏன்' கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள்: கூலிக்காரருக்கு ஒரு ரூபாய்க்கு இட்லி. மெனு சின்னதாக இருப்பது, மாநகராட்சி நடத்துவது, நுகர்பொருள் வாணிபக் கழக அரிசி, சமையலுக்கு சுய உதவிக் குழுப் பெண்கள் என்று மற்ற கட்டங்கள் அந்த ஒரு ரூபாயிலிருந்து கீழே இறங்குகின்றன. நஷ்டம்தான், அரசியல்தான், அதையெல்லாம் தனியாகப் பேசலாம். உன் படத்தில் எந்தக் கட்டத்திலிருந்து எது இறங்குகிறது என்று சொல்.

அவன் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் முக்கி, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டான்.

"சரி, 'யார்' கட்டத்துல என்னதான் எழுதச் சொல்றே?"

"அவ எத்தனை மணிக்கு வர்றா, எத்தனை மணிக்குப் போறா. எந்த பஸ்ஸு. கடைசி பஸ் போயிட்டா எப்படிப் போறா. ஒரு ஷிஃப்ட்டுல எத்தனை தடவை பாத்ரூம் போக முடியுது. வேகத்தை அளக்கிறது யாரு. கவுன்ட்டர்ல ஸ்டூல் இருக்கா. சிஸ்டம் தப்புன்னு அவளுக்குத் தெரிஞ்சா யார்கிட்ட சொல்லணும், சொன்னா திட்டு விழுமா."

"க்ளையன்ட் ஒத்துக்க மாட்டான்டா."

"கேட்டுப் பாத்தியா?"

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனான். கேட்டிருக்கவில்லை.